பட்டம் மறுக்கப்பட்டவருக்குப் புகழ்மண்டபத்தில் என்ன இடம்? – சாம் லாங்ஃபோர்ட்டின் வாழ்க்கை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்னும் சிற்றூரில் பன்னாட்டுக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபம் அமைந்துள்ளது. 1990-இல் முதல் அணியினரின் பெயர்கள் அங்கு இடம்பெற்றன. ஒவ்வோர் ஆண்டும் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று குத்துச்சண்டை எழுத்தாளர்களும் வரலாற்றாய்வாளர்களும் வாக்களிக்கிறார்கள். ரசிகர்களோ ஆண்டு முழுவதும் வாதிடுகிறார்கள். அவ்வாதங்களில் பெரும்பாலும் கையாளப்படும் அளவுகோல் எளிமையானது: எத்தனை பட்டங்களை வென்றார், எத்தனை முறை அவற்றைத் தக்கவைத்தார், எத்தனை முறை தோற்றார்.

இந்த அளவுகோலின்படி சாம் லாங்ஃபோர்ட் அந்த மண்டபத்தின் வாசலைக்கூட எட்டியிருக்க முடியாது. உலகப் பட்டம் எதையும் அவர் வென்றதில்லை. அவருடைய கணக்கில் தோல்விகளும் பல உண்டு. எனினும் 1990-இன் முதல் அணியிலேயே அவர் பெயர் இருக்கிறது. அதே அணியில், அவரைப் போன்ற கறுப்பின வீரர்களோடு மோத மறுத்த வெள்ளையினச் சாம்பியன்களின் பெயர்களும் இருக்கின்றன. தகுதி என்ற சொல்லை நுழைவுத்தேர்விலும் நேர்காணலிலும் நாள்தோறும் எதிர்கொள்ளும் நமக்கு, இந்த மனிதரின் வாழ்க்கையில் கவனிக்க வேண்டியவை நிறைய உள்ளன.

லாங்ஃபோர்ட் 1883-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வெய்மவுத் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது பிரிட்டிஷ் தரப்பில் சேர்ந்து, அதன் பயனாக அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வடக்கே குடியேறிய கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் பகுதி அது. விடுதலையுடன் அவர்களுக்குக் கிடைத்த நிலம் வளமற்றது. மரம் வெட்டுதலும் கூலிவேலையுமே பிழைப்பு. தந்தையின் அடிக்குத் தப்பிச் சிறுவயதிலேயே வீட்டை விட்டு ஓடிய லாங்ஃபோர்ட், கிடைத்த வேலைகளைச் செய்தபடி இறுதியில் பாஸ்டன் நகரை வந்தடைந்தார். அங்கு மருந்துக்கடை நடத்திவந்த ஜோ வூட்மன் குத்துச்சண்டைப் போட்டிகளையும் ஏற்பாடு செய்துவந்தார். அவரிடம் பசியோடு வந்து நின்ற பையன் அவருடைய பயிற்சிக்கூடத்தில் எடுபிடி வேலையில் அமர்ந்தான். சில ஆண்டுகளில் அவனே அக்கூடத்தின் முதன்மை வீரனானான்.

1902-இல் தொழில்முறை வீரராகக் களமிறங்கிய லாங்ஃபோர்ட், மறு ஆண்டு டிசம்பரிலேயே ஜோ கான்ஸ் என்ற பெரும் வீரரை பாஸ்டனில் 15 சுற்றுகளில் தோற்கடித்தார். கான்ஸ் அப்போது லைட்வெயிட் பிரிவின் உலகச் சாம்பியன். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவரில் முதன்முதலாக உலகப் பட்டம் வென்றவர். லாங்ஃபோர்ட் அந்த எடைப்பிரிவின் வரம்பைச் சற்றே தாண்டியிருந்ததால் பட்டம் பணயமாக வைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு வெல்டர்வெயிட் சாம்பியனான ஜோ வால்காட்டுடன் 15 சுற்றுகள் மோதினார். லாங்ஃபோர்ட்டின் கை ஓங்கியிருந்ததாகப் பார்த்தவர்கள் பலர் கருதினர். நடுவர் சமநிலை என்று அறிவித்தார். சமநிலையில் பட்டம் சாம்பியனிடமே தங்கிவிடும். இருபத்தோரு வயதிலேயே இரண்டு உலகப் பட்டங்களின் அருகில் சென்று வெறுங்கையுடன் திரும்பியாயிற்று. அந்த இரு சாம்பியன்களுமே கறுப்பினத்தவர் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கதவையாவது திறந்தார்கள்.

ஹெவிவெயிட் பட்டத்தின் கதை வேறு. உலகிலேயே வலிமை மிக்க ஆண் என்ற பெருமை அந்தப் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது கறுப்பினத்தவர் கைக்குப் போவதை வெள்ளையினச் சமூகம் சகித்துக்கொள்ள ஆயத்தமாக இல்லை. ஜான் எல். சல்லிவன் பத்தாண்டு காலம் சாம்பியனாக இருந்து, கறுப்பின வீரர்களோடு மோதுவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தவர். அவர் காலத்தின் தலைசிறந்த சவாலாளர் பீட்டர் ஜாக்சன். மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த அந்த வீரர், 1891-இல் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்றுகள் மோதினார். வெற்றி தோல்வி இன்றி ஆட்டம் முடிந்தது. மறு ஆண்டே சல்லிவனை எதிர்க்கும் வாய்ப்பு கார்பெட்டுக்குக் கிடைத்தது, அவர் சாம்பியனானார். ஜாக்சனுக்கு அந்த வாய்ப்பு இறுதிவரை கிடைக்கவில்லை. நிறக்கோடு என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இந்த விலக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டதன்று. சாம்பியனின் தனிப்பட்ட விருப்பம் என்ற போர்வையில் அது இயங்கியது. எழுதப்படாத விதிகளின் வலிமையைச் சேரியிலும் அக்ரகாரத்திலும் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கோட்டைத் தாண்டியவர் ஜாக் ஜான்சன். 1908 டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி, ஹெவிவெயிட் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். 1910 ஜூலை 4 அன்று, ஓய்விலிருந்து அழைத்து வரப்பட்ட ஜிம் ஜெஃப்ரிஸையும் ரீனோ நகரில் அவர் தோற்கடித்தபோது, அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பின மக்கள் மீது வன்முறை ஏவப்பட்டது, உயிர்கள் பறிபோயின. ஜான்சனின் வெற்றி ஒரு மக்கள் கூட்டத்தின் நிமிர்வாக இருந்தது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் லாங்ஃபோர்ட்டின் வாழ்க்கையைச் சொல்லும்போது ஜான்சனின் மறுபக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும்.

இருவரும் ஒரேயொரு முறை மோதினர். 1906 ஏப்ரலில் மாசசூசெட்ஸின் செல்சீ நகரில் நடந்த ஆட்டம் அது. ஜான்சன் ஆறடிக்கு மேல் உயரமானவர். லாங்ஃபோர்ட்டின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் இருக்கலாம். எடையிலும் ஏறத்தாழ 30 பவுண்டு குறைவு. ஜான்சன் அவரைக் கீழே வீழ்த்தினார். 15 சுற்றுகளின் முடிவில் தெளிவாக வென்றார். பிற்காலத்தில், ஜான்சனை லாங்ஃபோர்ட் தரையில் சாய்த்துவிட்டார் என்றொரு கதை உலவியது. தம் வீரருக்கு விளம்பரம் தேடி மேலாளர் வூட்மன் பரப்பிய கதை அது. ஒடுக்கப்பட்ட தரப்பின் வீரர் என்பதற்காக இல்லாத வெற்றியை அவர் கணக்கில் ஏற்ற நமக்கு அவசியமில்லை. அன்று லாங்ஃபோர்ட் தோற்றார். தோற்றும் 15 சுற்றுகள் நின்றார். அதன்பின் எடையும் அனுபவமும் கூடியது. அவர் அடியின் வலிமை பேசப்பட்டது. ஜான்சன் இதை நன்கு அறிந்திருந்தார்.

சிட்னிக்குச் செல்லுமுன், பட்டம் வென்றால் லண்டனின் தேசிய விளையாட்டுக் கழகத்தில் லாங்ஃபோர்ட்டைச் சந்திப்பதாக ஜான்சன் தரப்பு ஒப்புக்கொண்டிருந்தது. வென்ற பின் அவர் பின்வாங்கினார். 1909 மே மாதத்தில் லாங்ஃபோர்ட் மட்டும் லண்டன் சென்று, அயன் ஹேக் என்ற ஆங்கிலேய வீரரை நான்காம் சுற்றில் வீழ்த்திவிட்டுத் திரும்பினார். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் விடுத்த அறைகூவல்கள் எதற்கும் பயன் விளையவில்லை. இரண்டு கறுப்பினத்தவர் மோதும் ஆட்டத்திற்குச் சீட்டு விற்காது, வெள்ளையின வீரரை எதிர்த்தால்தான் பணம் என்பது ஜான்சன் தரப்பின் கணக்கு. அந்தக் கணக்கில் உண்மையும் இருந்தது. ஆனால் அது மட்டுமே காரணம் என்றும் நம்ப முடியவில்லை. 1913 டிசம்பரில் பாரிஸ் நகரில் ஜான்சன் ஒரு கறுப்பின வீரருக்குப் பட்ட வாய்ப்பை அளிக்கத்தான் செய்தார். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தவர் பேட்லிங் ஜிம் ஜான்சன் என்ற நடுத்தர வீரர். அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அதே வாரத்தில், அதே நகரில், ஜோ ஜீனெட்டை 20 சுற்றுகளில் லாங்ஃபோர்ட் வென்றுகொண்டிருந்தார். சாம்பியனும் உரிய சவாலாளரும் ஒரே ஊரில் இருந்தார்கள். ஒரே மேடையில் மட்டும் ஏறவில்லை.

ஜான்சனைப் பற்றி எப்படித் தீர்ப்பு வழங்குவது? கொலைவெறிக் கும்பல்கள் கறுப்பினத்தவரை மரங்களில் தூக்கிலிட்ட காலம் அது. ஓர் அநியாயமான வழக்கில் அவரையே அரசு தண்டித்து நாட்டைவிட்டு ஓடச் செய்தது. ஒற்றை மனிதராக அவ்வளவு வெறுப்பையும் தாங்கியவரிடம் கூடுதல் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. எனினும், கோட்டையின் உள்ளே நுழைந்த ஒருவர் தமக்குப் பின்னால் கதவைச் சாத்தியபோது வெளியே நின்றவருக்கு, சாத்திய கையின் நிறம் ஆறுதல் தரவில்லை. நம் இயக்கங்களுக்குள்ளும் இதைப் பேசத் தயங்குகிறோம். தயங்காமல் பேச வேண்டிய செய்தி என்றே கருதுகிறோம்.

பட்ட வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் பிழைப்புக்கு என்ன செய்தார்கள்? தமக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். லாங்ஃபோர்ட், ஜீனெட், சாம் மெக்வி, ஹாரி வில்ஸ் ஆகிய நால்வரும் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பாரிஸிலும் சிட்னியிலும் மீண்டும் மீண்டும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். மெக்வியுடன் லாங்ஃபோர்ட் மோதியது 15 முறை. ஜீனெட்டுடனும் ஏறத்தாழ அத்தனை முறை. வில்ஸுடன் அதற்கும் கூடுதல். கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் என்றொரு தனிப்பட்டம் இவர்களிடையே கைமாறிக்கொண்டிருந்தது. லாங்ஃபோர்ட் அதைப் பலமுறை வென்றார். தனிக்குவளையைப் போன்ற தனிப்பட்டம் அது. இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஜான்சனிடமிருந்து பட்டத்தைப் பறிக்க ஆளில்லாமல் போனதும், வெள்ளையின ஹெவிவெயிட் சாம்பியன் பட்டம் என்று ஒன்றையும் உருவாக்கினார்கள். அதை வைத்திருந்த கன்போட் ஸ்மித்திடம் லாங்ஃபோர்ட் ஒருமுறை தோற்றார். அடுத்த ஆண்டு, 1914-இல், அவரையே நாக்அவுட் செய்தார். அப்போதும் அவருக்கு எந்தப் பட்டமும் வந்துசேரவில்லை.

இங்குதான் பதிவேடு என்ற சான்றைச் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. லாங்ஃபோர்ட்டின் கணக்கில் பதிவானவை மட்டும் 250 ஆட்டங்களுக்கு மேல். நாக்அவுட் வெற்றிகள் நூற்றுக்கும் மேல். அதிலுள்ள தோல்விகளிலும் சமநிலைகளிலும் பெரும்பங்கு, தரத்தில் தமக்கு இணையான அந்த மூவரிடம் பெற்றவை. சாம்பியன்கள் எளிய எதிரிகளைத் தேர்ந்து மோதித் தம் கணக்கைப் பளபளப்பாக வைத்துக்கொண்ட காலத்தில், இவர்கள் ஒவ்வொரு மாதமும் கடினமான எதிரியையே சந்தித்தார்கள். போதாதற்கு, வெள்ளையின வீரரோடு ஆட்டம் கிடைக்க வேண்டுமானால் அவரை அதிகம் அடிப்பதில்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டிய நிலையும் கறுப்பின வீரர்களுக்கு இருந்தது. பல மாநிலங்களில் நடுவர் தீர்ப்பே வழங்கப்படாத ஆட்டங்கள் நடந்தன. 1910 ஏப்ரலில் மிடில்வெயிட் சாம்பியன் ஸ்டான்லி கெட்சலுடன் பிலடெல்பியாவில் நடந்த ஆறு சுற்று ஆட்டம் அப்படிப்பட்டது. நீண்டதொரு பட்ட ஆட்டம் பின்னர் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் லாங்ஃபோர்ட் கையை அடக்கியே ஆடினார் என்று பலர் கருதினர். அந்த ஆண்டு அக்டோபரில் கெட்சல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழியும் அடைபட்டது.

நம் நாட்டு வாசகர்களுக்குப் பல்வங்கர் பாலு நினைவுக்கு வரலாம். 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்திய அந்தத் தலித் பந்துவீச்சாளர், இந்துக்கள் அணிக்கு ஒருநாளும் தலைவராக்கப்படவில்லை. தலைவர்களின் பட்டியலை மட்டும் வைத்து அக்காலக் கிரிக்கெட் வரலாற்றை எழுதினால் பாலு அதில் இருக்க மாட்டார்.

1917-இல் ஃபிரெட் ஃபுல்டனோடு மோதிய ஆட்டத்தில் லாங்ஃபோர்ட்டின் ஒரு கண் பார்வையிழந்தது. நியாயப்படி அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் சோறு கிடையாது. மற்றொரு கண்ணும் மங்கிவந்த நிலையில் இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆடினார். எதிரியின் உருவம் நிழலாகவே தெரிந்தது. நெருங்கிச் சென்று, உடல் உரசும் தொலைவில் நின்று அடிக்கும் முறையைக் கைக்கொண்டார். 1922-இல் அட்லாண்டா நகரில் டைகர் ஃபிளவர்ஸ் என்ற இளம் வீரரை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். அதே ஃபிளவர்ஸ் நான்கு ஆண்டுகள் கழித்து மிடில்வெயிட் உலகப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவரானார். மறு ஆண்டு மெக்சிகோவுக்குச் சென்று அந்நாட்டின் ஹெவிவெயிட் பட்டத்தையும் லாங்ஃபோர்ட் பெற்றார். 1926-இல் மேடையை விட்டு இறங்கினார். இந்த இறுதி ஆண்டுகளின் தோல்விகளும் அவர் கணக்கில் மற்றத் தோல்விகளைப் போலவே எண்ணப்படுகின்றன.

இதற்கிடையே 1915-இல் ஜான்சன் பட்டத்தை இழந்தார். 1919-இல் அது ஜாக் டெம்ப்சியிடம் வந்தது. பட்டம் பெற்றவுடன் அவரும் நிறக்கோட்டை அறிவித்தார். முதன்மைச் சவாலாளராக இருந்த ஹாரி வில்ஸ் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஒப்பந்தம் கையெழுத்தான பின்னும் ஆட்டம் நடக்கவில்லை. இளம் வயதில் லாங்ஃபோர்ட்டுடன் மோதும் வாய்ப்பு வந்தபோது அஞ்சி விலகியதாக டெம்ப்சி பிற்காலத்தில் தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டார். நேர்மையான ஒப்புதல்தான், ஆனால் பட்டத்தையும் பெருஞ்செல்வத்தையும் ஈட்டி முடித்த பின் வந்த ஒப்புதல். ஜான்சனுக்குப் பின் இன்னொரு கறுப்பினத்தவர் ஹெவிவெயிட் சாம்பியனாக 1937-இல் ஜோ லூயி வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

1944-இல் நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் நாளேட்டின் செய்தியாளர் அல் லேனி, லாங்ஃபோர்ட் என்ன ஆனார் என்று ஹார்லெம் பகுதியில் தேடத் தொடங்கினார். அவர் எப்போதோ இறந்துவிட்டார் என்றே பலரும் சொன்னார்கள். கடைசியில் ஓர் இருண்ட வாடகை அறையில், முற்றிலும் பார்வையற்றவராய், கையில் 20 சென்ட் மட்டும் வைத்துக்கொண்டு லாங்ஃபோர்ட் தனியே அமர்ந்திருந்தார். லேனி எழுதியதைப் படித்தவர்கள் அனுப்பிய பணம் பல ஆயிரம் டாலராகச் சேர்ந்தது. அதிலிருந்து மாதந்தோறும் அவருக்கு உதவி கிடைத்தது. பிற்காலத்தில் பாஸ்டன் பக்கமே திரும்பினார். அந்தக் கட்டுரைகளின் தாக்கத்தை வியந்து எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. லாங்ஃபோர்ட்டின் ஆட்டங்களுக்கு அரங்கம் நிரம்பச் சீட்டு விற்றுப் பொருளீட்டிய தொழில் இருபது ஆண்டுகளாக அவரைத் தேடவில்லை. தேடியவர் ஒரு செய்தியாளர், கொடுத்தவர்கள் பொதுமக்கள்.

கனஸ்டோட்டா மண்டபத்திற்கு முன்பே, 1954-இல், ரிங் இதழின் ஆசிரியர் நாட் ஃபிளைஷர் குத்துச்சண்டைக்கு ஒரு புகழ்மண்டபத்தைத் தொடங்கியிருந்தார். மறு ஆண்டே லாங்ஃபோர்ட் அதில் சேர்க்கப்பட்டார். உலகப் பட்டம் பெறாத ஒருவரை அந்நாளில் அப்படிச் சேர்த்தது அரிதான முடிவு. சில மாதங்களில், 1956 ஜனவரி 12 அன்று, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் இறந்தார்.

பட்டம் வெல்லாதவரைச் சேர்த்தால் அளவுகோல் தளர்ந்துவிடும் என்பது ஒரு தரப்பின் வாதம். இன்று அதை லாங்ஃபோர்ட்டுக்கு எதிராக யாரும் சொல்வதில்லை. அடுத்த நிலையில் நிற்பவர்களுக்கு எதிராகச் சொல்கிறார்கள். அளவுகோல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது என்பதே நம் மறுமொழி. தம் காலத்தின் சிறந்த எதிரியைச் சந்திக்காமலேயே ஒருவர் சாம்பியன் என்று பெயர்பெற முடிந்த நாளிலேயே அது தளர்ந்துவிட்டது. எனவே லாங்ஃபோர்ட்டுக்கு விதிவிலக்கு வழங்கப்பட்டது என்று கூறுவதை நாம் ஏற்கவில்லை. விதிவிலக்கில் வந்தவர்கள் சல்லிவனும் டெம்ப்சியும். அதற்காக அவர்களின் பெயர்களை அகற்றச் சொல்கிறோமா? இல்லை. அவர்களும் பெரும் வீரர்களே. யாரோடு மோத மறுத்தார்கள் என்பதும் அவர்களின் வெற்றிகளோடு சேர்த்து அங்கே எழுதப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பீட்டர் ஜாக்சன், ஹாரி வில்ஸ் என்ற பெயர்கள் அந்த இருவரின் வரலாற்றுக்குள்ளேயே இடம்பெற வேண்டியவை.

அந்த நால்வரில் மற்ற மூவருக்கு மண்டபம் திறக்க இன்னும் காலமாயிற்று. ஹார்லெமில் குடியிருப்புகளை வாங்கி வசதியாக வாழ்ந்து 1958-இல் மறைந்த வில்ஸ் 1992-இல் சேர்க்கப்பட்டார். ஜீனெட் 1997-இல். சாம் மெக்வி 1999-இல். மெக்வி 1921-இலேயே நியூயார்க்கில் கையில் காசின்றி இறந்துபோயிருந்தார். அவருடைய அடக்கச் செலவை ஏற்றவர் ஜாக் ஜான்சன்.